ஆட்டக் களம்: தோற்றவருக்கு ஓர் இடம்

நம் சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில், பக்கத்து இலையில் அமர்ந்திருந்த மூத்த அன்பர் ஒருவர் சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையே நம்மை ஒரு கேள்வி கேட்டார். “மாதந்தோறும் ஆட்டங்களைப் பற்றி எழுதுகிறீர். இது நன்று, அது சுமார் என்று தீர்ப்பும் சொல்கிறீர். எந்த அளவுகோலைக் கொண்டு அளக்கிறீர்?” என்றார். கரக்பூர் ரயில்வே பணிமனையில் முப்பது ஆண்டுகள் இரும்பை அளந்தவர் அவர். அளவுகோல் இல்லாத வேலை அவருக்குப் பிடிக்காது.

விறுவிறுப்பு, மூளைக்கு வேலை, நேரப்போக்கு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அவர் பாயசத்தில் கவனம் செலுத்தத் தொடங்கிவிட்டார். நம் விடையில் அவருக்கு நிறைவில்லை என்பது தெரிந்தது, நமக்கும் இல்லை. ஆகவே அன்று முதல் இந்த இரண்டு மாதங்களாக, எந்த ஆட்டத்தில் உட்கார்ந்தாலும் அக்கேள்வியையும் உடன் வைத்துக்கொண்டே ஆடினோம். விடை கிடைத்தது. கிடைத்த இடம் நாம் எதிர்பாராதது. முறையாகவே சொல்லி வருகிறோம்.

கரக்பூரில் சீட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ‘ட்வென்ட்டி நைன்’. ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டுகள், நால்வர் ஆட்டம், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ராஜாவுக்கும் ராணிக்கும் இங்கே புள்ளி கிடையாது. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1. நான்கு இனங்களுக்கும் சேர்த்து 28. கடைசிப் பிடிக்கு ஒன்று சேர்த்து எண்ணிய பழைய வழக்கத்தால் 29 என்னும் பெயர் நின்றுவிட்டது. மலையாள அன்பர்கள் ஆடும் 28-உம், யாழ்ப்பாணத்தார் ஆடும் 304-உம் இதற்கு உடன்பிறப்புகள். 304-இல் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனங்களுக்கு 304. கணக்குச் சற்றே கடினமாயினும் குடும்பம் ஒன்றே.

இவ்வாட்டத்தின் சுவை துருப்பை மறைத்து வைப்பதில் இருக்கிறது. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு மட்டும் பகிர்வார்கள். அதை நம்பியே ஏலம் கேட்க வேண்டும். ஏலம் எடுத்தவர் துருப்பு இன்னதென்று பிறர் அறியாமல் குறித்து வைப்பார். அதன் பிறகே மீதி நான்கு சீட்டுகள் வரும். கையில் அந்த இனம் இல்லாதவர் கேட்கும்போதுதான் துருப்பு வெளிப்படும். பாதி தெரிந்து, பாதி தெரியாமல் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் அதைக் காப்பாற்றப் போராடுவதே ஆட்டம். இல்லறத்தாருக்கு இது புதிதன்று.

தை மாதத்தில் ஒரு மாலை, ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நாம் 19 வரை ஏலம் கேட்டு, 18-இல் நின்றோம். ஒரே புள்ளி! நம் கூட்டாளியான வங்காள நண்பர் சீட்டுகளை மேசையில் வைத்தார், பேசவில்லை. மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு குடியிருப்பு வரை உடன் வந்தார், அப்போதும் பேசவில்லை. மறுநாள் காலை அலுவலகத்தில் நம் மேசைக்கு ஒரு மண்குவளைத் தேநீர் வந்தது. அனுப்பியவர் அவரே. தோல்வி இருவருக்கும் பொது. கோபம் ஓர் இரவுக்கு மட்டும். மோசமான ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

அந்த இரவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதரை. தாழ்வாரத்தில் விளக்குப் போடாமல் நம் தாயார் அமர்ந்திருந்தார். ஐப்பசியில் நம் தந்தையார் காலமானபின், திருநெல்வேலிப் பக்கத்து ஊரிலிருந்து மார்கழியில் அவரை இங்கே அழைத்து வந்திருந்தோம். இந்தி தெரியாது, வங்காளம் தெரியாது. பகலில் மருமகளும் பேரனும் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள், ஒருவர் கற்பிக்க, ஒருவர் கற்க. நாம் அலுவலகம் முடிந்து இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்விடுவோம். “சாப்பிட்டாயாம்மா?” என்று கேட்டோம். “ஆச்சு” என்றார். அவ்வளவே அன்றைய உரையாடல்.

அடுத்து கேரம். நம் சங்கத்துச் சிறுவர் போட்டிக்கு நாம் நடுவராக இருந்தோம். பலகையின் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு ராணி ஒன்று. 25 புள்ளிக்கு ஓர் ஆட்டம். இக்கலையில் தமிழர் பின்தங்கியவரல்லர். சென்னை மரிய இருதயம் இருமுறை உலகப் பட்டம் வென்று, அர்ஜுனா விருதும் பெற்றவர். சென்னையைச் சேர்ந்த காசிமா என்னும் இளம் பெண் 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தார். அவருடைய தந்தை ஆட்டோ ஓட்டுநர். இச்செய்தியைச் சிறுவர்களுக்குச் சொன்னபோது, அதுவரை ஸ்ட்ரைக்கரைத் தொடவே நாணிய இரண்டு சிறுமிகள் பெயர் கொடுக்க முன்வந்தார்கள்.

கேரம் விதிகளுள் ஒன்று நம்மை அன்று நிறுத்தி யோசிக்க வைத்தது. ராணியைப் பிடித்துக் காப்பாற்றினால் 3 புள்ளி என்பது யாவரும் அறிந்தது. ஆனால் 22 புள்ளியை எட்டியவருக்கு அந்த மூன்று கிடையாது. ராணியை அவர் எடுத்தாலும் அது கணக்கில் ஏறாது. முன்னே போய்விட்டவருக்கு ஒரு வழி அடைபடுகிறது. பின்தங்கியவருக்கு அவ்வழி திறந்தே இருக்கிறது. இவ்விதியைப் பல ஆண்டுகளாக அறிவோம். அதில் ஒரு நீதி இருப்பதை அன்றுதான் கண்டோம். பெரியவருடைய கேள்விக்கு விடை எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் அப்போதே புலப்படத் தொடங்கியது. வென்றவரைக் கொண்டாடாத ஆட்டம் உலகில் இல்லை. தோற்றுக்கொண்டிருப்பவரை என்ன செய்கிறது என்பதே ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுபடுகிறது.

இங்கே நாம் இதுவரை இப்பக்கத்தில் எழுதாத ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2024-ஆம் ஆண்டில் மூன்று வார காலம், இரவு உணவுக்குப் பின், கைப்பேசியில் பணம் வைத்து ரம்மி ஆடினோம். பதின்மூன்று சீட்டு ரம்மி நம் வீட்டுத் திருமணங்களில் பாய் விரித்து ஆடுகிற அதே ரம்மிதான். சேராத கையென்றால் முதலிலேயே கவிழ்த்து 20 புள்ளியோடு விலகலாம். துணிந்து நின்று தோற்றால் 80 வரை ஏறும். விதிகள் மாறவில்லை. எதிரே இருப்பவர் முகம் மட்டும் இல்லை. பாயில் ஆடும்போது நாம் தொடர்ந்து தோற்றால் மாமாவோ சித்தப்பாவோ, “போதும், எழுந்து போய்ப் பந்தியைக் கவனி” என்று விரட்டிவிடுவார். கைப்பேசியோ, மேலும் பணம் செலுத்துக என்று ஒரு பொத்தானைக் காட்டியது. அதையும் அழுத்தினோம். மொத்தம் 6,400 ரூபாய் போயிற்று. மகனுடைய மிதிவண்டிக்கு என்று ஒதுக்கியிருந்த தொகை அது. மனைவியாரிடம் உண்மையைச் சொல்ல நமக்கு மேலும் ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதம், இழந்த பணத்தினும் பெரிய இழப்பு.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அச்செய்தியைப் படித்தபோது ஓர் ஆறுதல். கூடவே ஒரு நாணம். சட்டம் வருமுன்னரே விலகிவிட்டோம் என்பது ஆறுதல். ஆட்டங்களைப் பற்றி ஊருக்குச் சொல்லும் நாமே அதில் விழுந்தோம் என்பது நாணம். தோற்றவரை எழுந்து போகவும் விடாது, ஆறுதலாக அமரவும் விடாது, அவர் பையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டம் ஆட்டமாகாது. இதை எழுத வேண்டுமென்று மனைவியாரே சொன்னார். எழுதிவிட்டோம்.

இனி நல்ல செய்திக்கு வருவோம். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விஷ்ணுபூர் சென்று வந்தோம். கரக்பூரிலிருந்து மேதினிப்பூர் வழியாக ஆத்ரா போகும் பாதையில் உள்ள ஊர் அது. மல்ல மன்னர்களின் பழைய தலைநகர். சுடுமண் கோயில்களுக்குப் பேர்பெற்றது. நாம் சென்றதோ தசாவதாரச் சீட்டைப் பார்க்க. ‘கோயில் இருக்கிற ஊராம்’ என்று சொல்லித் தாயாரையும் இசைய வைத்தோம். மார்கழிக்குப் பின் அவர் வீட்டைவிட்டு வெளியே வந்தது அன்றுதான்.

தசாவதாரச் சீட்டுகள் வட்டமானவை, கையால் வரையப்பட்டவை. ஒரு கட்டில் 120 சீட்டுகள். மச்சம் முதல் கல்கி வரை பத்து அவதாரங்களே பத்து இனங்கள். ஒவ்வோர் இனத்திலும் அரசன் ஒன்று, அமைச்சன் ஒன்று, எண் சீட்டு பத்து. வங்காளத்தார் ஒன்பதாம் அவதாரத்துக்கு ஜகந்நாதரை வரைகிறார்கள். ஐந்து இனங்களில் பத்துப் பெரியது, ஒன்று சிறியது. மற்ற ஐந்தில் அதற்கு நேர்மாறாக ஒன்றே பெரியது. துருப்பு என்பது கிடையாது. போன சீட்டு எது, இருக்கும் சீட்டு எது என்று நினைவில் வைப்பவரே வெல்வார். வரைபவர் சிலர் இன்றும் இருக்கிறார்கள். ஆடத் தெரிந்தவரோ மிகச் சிலரே. சுவரில் மாட்டுவதற்கென்று வாங்கிப் போகிறவர்களே மிகுதி.

ஒரு கலைஞர் வீட்டுத் திண்ணையில் சீட்டுகளைப் பரப்பிக் காட்டினார்கள். தாயார் குனிந்து பார்த்து, “மச்சம், கூர்மம், வராகம்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். கலைஞர் வீட்டு மூதாட்டி வங்காள உச்சரிப்பில் அதே பெயர்களைத் திருப்பிச் சொன்னார். மொழி வேறாயினும் பத்துப் பெயர்களுக்கு இருவரும் ஒன்றாகவே நடந்தார்கள். பிறகு, சீட்டு எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டோம். பழந்துணியை மடிப்பு மடிப்பாக ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, தேய்த்து வழவழப்பாக்கி, வட்டமாக வெட்டி, வண்ணம் தீட்டுகிறார்கள். ஒட்டுகிற பசை எது? புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசை. ஒரு கிண்ணத்தில் அது இருந்தது. தாயார் அதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். “புளியமுத்து” என்றார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு வீடு திரும்பியதும் தம் தகரப் பெட்டியைத் திறந்து, பழைய சேலையொன்றில் சுற்றியிருந்த பொருளை எடுத்தார். பல்லாங்குழிப் பலகை! ஊரிலிருந்து அதைச் சுமந்து வந்திருந்தார் என்பதே நமக்குத் தெரியாது. மழைக்கால இரவுகளில் தந்தையாரும் தாயாரும் அதில் ஆடியதை நாம் சிறுவனாகப் பார்த்திருக்கிறோம். பெண்கள் ஆட்டம் என்று ஊரார் கேலி செய்வார்கள், தந்தையார் பொருட்படுத்தியதில்லை.

குழிகள் 14; குழிக்கு ஐந்து முத்தாக 70 முத்துகள் வேண்டும். துணிப்பையிலிருந்து கொட்டி எண்ணினால் 66 இருந்தன. நான்கு குறைவு. நம் மகன் ஓடிப்போய்ப் பக்கத்துக் குடியிருப்பு மாசிமாவிடம் கேட்டு, அவர் சமையலறைப் புளியிலிருந்து நான்கு கொட்டைகளை வாங்கிக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தான். என்ன ஆட்டம் என்று பார்க்க மாசிமாவும் பின்னாலேயே வந்துவிட்டார்.

வெளியூரில் பிறந்த பிள்ளைகளுக்காக முறையைச் சொல்லிவிடுகிறோம். ஆளுக்கு ஏழு குழி. தன் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து முத்துகளை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்ல வேண்டும். கை வெறுமையானதும் அதற்கடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அந்தக் குழி காலியாக இருந்தால், அதைத் துடைத்து, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் மற்றவருக்குப் போகும். ஆடும்போது ஒரு குழியில் நான்கு முத்துச் சேர்ந்தால் அது ‘பசு’, குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். முத்துகள் தீர்ந்தபின் அவரவர் எடுத்ததைக் குழிக்கு ஐந்தாக மீண்டும் நிரப்ப வேண்டும். 22 முத்து வைத்திருப்பவருக்கு நான்கு குழிதான் நிரம்பும். மற்ற மூன்று குழிகள் அடுத்த சுற்றில் மூடப்படும். இவ்வாறு ஒருவர் வீடு சுருங்கச் சுருங்க மற்றவர் வீடு பெருகும்.

பேரனும் ஆச்சியும் ஆடினார்கள். பேரன் ஒன்பது வயதினன். “ஏக், துய், தீன்” என்று வங்காளத்தில் எண்ணினான். பள்ளிக்கூடத்துத் தோழர்களோடு எண்ணிய பழக்கம். ஆச்சி தமிழில் எண்ணினார். சிறுவன் என்று அவர் ஒரு முத்தும் விட்டுக்கொடுக்கவில்லை. எந்தக் குழியில் எத்தனை என்பதைக் கண்ணால் எண்ணாமலே அறிந்து அள்ளினார். மூன்று சுற்றில் பேரன் கையில் நான்கே முத்து மிஞ்சியது. நான்கைக் கொண்டு ஒரு குழியும் நிரப்ப முடியாது.

“ஆட்டம் முடிந்தது” என்று நாம் தீர்ப்புச் சொன்னோம். பையன் முகம் சிவந்து, பலகையைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“எங்கல போற? உக்காரு” என்றார் தாயார். “இன்னும் நாலு முத்து கெடக்குல்லா? கஞ்சி காய்ச்சுவோம்.”

கஞ்சி காய்ச்சுவது என்பது நமக்கு மறந்தே போயிருந்த ஒரு முறை. குழிக்கு ஐந்து இட வழியில்லாத அளவுக்கு ஒருவர் நொடித்துப்போனால், எங்கள் ஊர் வழக்கில் அவரை எழுப்பிவிட மாட்டார்கள். இருப்பதைக் குழிக்கு ஒன்றாக இட்டு அவர் ஆடலாம். வளமாக இருப்பவரும் தம் குழிகளில் ஒவ்வொன்றே இட வேண்டும். மீதியை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். இல்லாதவன் கஞ்சி காய்ச்சுகிற நாளில் உள்ளவனும் கஞ்சியே குடிக்க வேண்டும் என்பது கருத்து. பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்தான். நான்கு முத்து ஆறாயிற்று. ஒரு குழி நிரம்பியது. அடுத்த சுற்றில் 11, இரண்டு குழி. அன்றிரவு அவன் வெல்லவில்லை. ஆனால் தூங்கப் போகும்போது, “நாளைக்கு மூணு குழி பிடிச்சிருவேன் ஆச்சி” என்று சொல்லிவிட்டுப் போனான்.

சங்கத்துப் பெரியவரே, இதுவே நம் அளவுகோல். தோற்பவருக்கு விட்டுக்கொடுப்பது வேறு. அவருக்கு இடம் விட்டு வைப்பது வேறு. முன்னது ஆட்டத்தைக் கெடுக்கும். பின்னது இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை.

மறுநாள் முதல் பிற்பகல்தோறும் மாசிமா வரத் தொடங்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. தாயாருக்கு வங்காளம் தெரியாது. பலகை நடுவே இருக்கிறது. நாமும் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போவதை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டோம். தாயார் வந்து இரண்டு மாதங்களுக்கு மேலாகியும், ஊரில் எல்லோரோடும் உட்கார்ந்து ஆடுகிற நாம் அவரெதிரே ஒரு நாளும் உட்காரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் ஆடி 13 முத்தோடு தோற்றோம். தந்தையார் எந்தக் குழியிலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவார் என்று கேட்டோம். இடப்புறத்து முதல் குழியைத் தொட்டுக் காட்டினார். அவரைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியது அதுவே முதல் முறை.

கதை இங்கே இனிதாக முடிந்தது என்று அன்பர்கள் எண்ணக் கூடாது. விஷ்ணுபூர் போவதற்கு முந்திய வாரமே, “ஐயா, எனக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் போட்டுரு. வீடு பூட்டிக் கெடக்கு” என்று தாயார் சொல்லியிருந்தார். 2024 நவம்பர் முதல், பயண நாளுக்கு 60 நாள் முன்னரே பதிவு தொடங்குகிறது என்பது நம் தொழிலறிவு. எண்ணிப் பார்த்து, தொடங்கிய அன்றே பக்கத்து ஜன்னல் நண்பரிடம் படிவம் கொடுத்துச் சென்னை மெயிலில் இடம் வாங்கிவிட்டோம். துணைக்கு நமக்கும் ஓர் இடம். கீழ்ப்படுக்கை கிடைத்தது. பல்லாங்குழி வெளியே வந்தபின், அச்சீட்டை ரத்து செய்துவிடலாமா என்று ஓர் ஆசை எழுந்தது. ஒரு நாள் கேட்டும் பார்த்தோம்.

“எதுக்கு ஐயா? போகத்தான செய்யணும். அப்பா நட்ட தென்னைக்கு யாரு தண்ணி விடுவா?” என்றார். நாம் மேலே வற்புறுத்தவில்லை.

சென்ற வாரம் அவர் பெட்டி அடுக்கத் தொடங்கினார். சேலைகளை மடித்து வைத்தார். விஷ்ணுபூரில் வாங்கிய சுடுமண் குதிரையைத் துணியில் பொதிந்து வைத்தார். பல்லாங்குழிப் பலகை மட்டும் அலமாரியின் மேலே இருந்தது. மறந்துவிட்டாரோ என்று எண்ணி அதை எடுத்துக் கொடுத்தோம்.

“அது இங்கயே கெடக்கட்டும்” என்றார். “தீவாளிக்கு வரும்போ மறுபடியும் தூக்கிட்டு வரணும்லா?”

மகன் இதுவரை நான்கு குழி பிடித்திருக்கிறான். ரயிலுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது.